பழுதுள்ள காணிக்கை

தியாக்ரசி என்ற அமெரிக்க மெட்டல் இசைக்குழுவின் முதல் ஆல்பம், குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டு 2003இல் வெளிவந்தது. குழு என்று பெயரே தவிர, அதில் இருந்தவர் ஒருவர்தான். ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரைச் சேர்ந்த மேட் ஸ்மித் பாடல்களை எழுதினார், பாடினார், கிடார், பேஸ், கீபோர்டு எல்லாவற்றையும் தாமே வாசித்தார். டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லாததால் அந்தப் பகுதியைக் கணினியில் அமைத்தார். பாடல்கள் கிறிஸ்தவ விசுவாசத்தை ஒளிவுமறைவின்றி அறிக்கையிடுபவை. ஒலிப்பதிவோ பல இடங்களில் தளர்ந்து நிற்பது. வழிபாடும் குறைபாடும் இப்படி ஒரே பொருளில் சேரும்போது பழைய சமயக் கேள்வி ஒன்று மறுபடி எழுகிறது. கடவுளுக்கென்று செய்த ஒன்றில் பழுது இருந்தால், அதை எதைக் கொண்டு அளப்பது? கொடுத்தவரின் மனத்தைக் கொண்டா, கொடுத்த பொருளைக் கொண்டா?

ஆல்பமும் அதன் குறைகளும்

பவர் மெட்டல் 1980களில் ஐரோப்பாவில் உருப்பெற்றது. ஹாம்பர்க் நகரின் ஹெலோவீன் குழு 1987இலும் 1988இலும் வெளியிட்ட ‘கீப்பர் ஆஃப் த செவன் கீஸ்’ ஆல்பங்கள் அதற்கு இலக்கணம் போலாயின. விரைந்தோடும் தாளம், உச்சத்தில் நிற்கும் குரல், ஆயிரம் பேர் சேர்ந்து பாடத்தக்க பல்லவி ஆகியவை அதன் அடையாளங்கள். ஃபேட்ஸ் வார்னிங், ட்ரீம் தியேட்டர் போன்ற அமெரிக்கக் குழுக்கள் வளர்த்த ப்ரோக்ரெசிவ் மெட்டல், மாறிக்கொண்டே போகும் தாளக்கட்டையும் பல பகுதிகளாக விரியும் நெடும்பாடலையும் விரும்பியது. இரண்டின் கலப்பு ப்ரோக்ரெசிவ் பவர் மெட்டல். தியாக்ரசி இந்த வகையைச் சேர்ந்தது.

குழுவின் பெயருக்குக் கடவுளின் ஆட்சி என்று பொருள். முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ், மோசே வகுத்த ஆட்சிமுறையை விளக்க ‘அப்பியோனுக்கு எதிராக’ என்ற நூலில் ஆக்கிய சொல் அது. இசைக்குழு அதை அரசியல் பொருளில் எடுத்துக்கொள்ளவில்லை. தனிமனிதனின் உள்ளத்தில் கடவுள் ஆள்வதையே கருதியது. பாடல்களின் தலைப்புகளும் இதே நிலத்தில் முளைத்தவை. ‘இக்தூஸ்’ என்பது மீனைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ‘இயேசு கிறிஸ்து, கடவுளின் மகன், மீட்பர்’ என்ற கிரேக்கத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்தாலும் அதே சொல் கிடைப்பதால் ஆதித் திருச்சபை அதைத் தன் அடையாளமாக்கியது. ‘நியூ ஜெருசலேம்’ வெளிப்படுத்தின விசேஷத்தின் முடிவில் வரும் புதிய நகரம்.

மெட்டு அமைப்பதில் இந்த ஆல்பத்துக்கு வளம் உண்டு. குறைகளை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது டிரம்ஸ். பவர் மெட்டலின் ஓட்டம் இரண்டு கால்களாலும் மாறி மாறி மிதிக்கும் பேஸ் டிரம்மில் இருக்கிறது. மனிதர் வாசிக்கும்போது அடிக்கு அடி அழுத்தம் மாறும். பல்லவி நெருங்க நெருங்கக் கை கனக்கும். கணினி அடிக்கும் ஒவ்வோர் அடியும் முந்தைய அடியின் நகல். இரண்டாவது, ஒலி மெலிவு: கிடாரும் குரலும் ஒன்றையொன்று தாங்காமல் தனித்தனியே நிற்கின்றன. மூன்றாவது நீளம். பத்து நிமிடத்தைத் தாண்டும் பாடல்கள் ஒன்றுக்கு மேல் உண்டு. ஆல்பம் முழுவதும் ஒரு மணி நேரத்துக்கும் அதிகம். சொல்லி முடித்த கருத்தும் பல்லவியும் திரும்பத் திரும்ப வருகின்றன. நான்காவது கூட்டிசை. பெரும் பாடகர் குழு போல ஒலிக்க வேண்டிய இடங்களில் கேட்பது, அடுக்கடுக்காகப் பதிந்த ஒரே மனிதரின் குரல்.

பலிபீடத்தின் சட்டம்

பழுதுள்ள காணிக்கையைப் பற்றி எபிரேய வேதம் விரிவாகவே பேசுகிறது. லேவியராகமத்தின் 22ஆம் அதிகாரம் குருடு, முறிவு, சொறி எனப் பலிபீடத்துக்கு ஆகாதவற்றை வரிசைப்படுத்துகிறது. அந்தக் கண்டிப்பான பட்டியலின் நடுவே ஒரு விலக்கும் உண்டு. உறுப்பு ஒன்று அளவுக்கு மீறி நீண்டோ குறுகியோ இருக்கும் மாட்டையும் ஆட்டையும் உற்சாகபலியாகக் கொடுக்கலாம். பொருத்தனைக்கு அது செல்லாது. தானாக மனமுவந்து தருவது உற்சாகபலி. வாக்குக் கொடுத்துவிட்டுச் செலுத்துவது பொருத்தனை. பழுது ஒன்றாகவே இருந்தாலும், அது ஏற்கத்தக்கதா என்பதைக் கொடுப்பவர் முன்னமே ஏற்றுக்கொண்ட கடமை தீர்மானிக்கிறது.

மல்கியாவின் நூல் இன்னொரு நுணுக்கத்தைச் சேர்க்கிறது. குருடும் ஊனமுமான மிருகங்களைக் கொண்டுவருவோரைக் கடிந்துகொள்ளும் தீர்க்கர், மந்தையில் நல்ல கடா இருக்கும்போதே கெட்டுப்போனதைக் கொடுப்பவனை வஞ்சகன் என்கிறார். குற்றம் அங்கே பழுதில் இல்லை. நல்லதைக் கையில் வைத்துக்கொண்டு அல்லதைக் கொடுத்ததில் இருக்கிறது. மாற்கு, லூக்கா சுவிசேஷங்களில் வரும் ஏழை விதவை இதற்கு நேர் எதிர். அவள் போட்ட இரண்டு காசுகள் மற்ற எல்லாக் காணிக்கையையும் விடப் பெரிதாக எண்ணப்பட்டதற்குக் காரணம், அவளிடம் அதற்குமேல் எதுவும் இல்லாததுதான்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஆல்பத்தின் குறைகள் இரண்டு கூறாகப் பிரியும். டிரம்ஸும் ஒலி மெலிவும் இல்லாமையின் குறைகள். ஆளோ வசதியோ கூடாத நிலையில் கையில் இருந்ததைக் கொடுத்தவரிடம் மல்கியாவின் கடிந்துரை செல்லாது. அவர் விதவையின் பக்கம் நிற்பவர். நீளம் அப்படிப்பட்டதன்று. பாடலைச் சுருக்கப் பணம் வேண்டாம், ஸ்டூடியோ வேண்டாம், இன்னொரு வாத்தியக்காரரும் வேண்டாம். எழுதியதில் ஒரு பங்கை நீக்கும் துணிவு மட்டும் போதும். நல்ல பல்லவி ஒன்று இருமுறை வந்து நிறைவு தந்த பிறகு நான்காம் முறையும் வருவது, மந்தையில் நல்ல கடாவைத் தேடாத குற்றத்துக்கு அருகில் வருகிறது. வழிபாட்டின் அளவுகோலே இந்த ஆல்பத்தின் ஒரு பாதியை மன்னிக்கிறது, மறுபாதியை மன்னிப்பதில்லை.

கைவினையின் சட்டம்

மனத்தையே பார்க்கும் அளவுகோலுக்கு எதிரே மற்றொன்று உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் கலையை அறத்திலிருந்து பிரித்துக் காட்டினார். அறச் செயலில் செய்பவரின் நாட்டம் எண்ணப்படும். கைவினையில், எந்த எண்ணத்தோடு செய்தார் என்பதற்காக அல்லாமல், செய்த பொருள் எப்படி அமைந்தது என்பதற்காகவே வினைஞர் புகழப்படுகிறார். பக்தியுள்ள தச்சர் செய்த நாற்காலியும் ஆடினால் ஆடும் நாற்காலிதான். ஆங்கில எழுத்தாளர் டாரதி சேயர்ஸ் 1942இல் உழைப்பைப் பற்றி ஆற்றிய உரையில் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். தச்சரிடம் குடிக்காதே, ஞாயிறன்று கோயிலுக்கு வா என்று சொல்வதோடு திருச்சபை நின்றுவிடுகிறது. நல்ல மேசை செய்வதே அவருடைய சமயம் அவரிடம் முதலில் கேட்பது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறது என்றார் அவர். இந்தப் பார்வையில் பொருளின் தரம் பக்திக்கு வெளியே இருப்பதன்று. பக்தி போய்ச் சேரும் இடமே அது.

கிறிஸ்தவ ராக் இசையைச் சுற்றி நடந்த விவாதங்களில் இந்த அளவுகோல் பெரும்பாலும் காணாமல் போயிற்று. ஸ்ட்ரைப்பர் குழுவின் ‘டு ஹெல் வித் த டெவில்’ 1986இல் வெளிவந்து அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. மேடையிலிருந்து புதிய ஏற்பாட்டுப் பிரதிகளை ரசிகர்களிடம் எறிந்த குழு அது. தொலைக்காட்சிப் போதகர் ஜிம்மி ஸ்வாகர்ட் போன்றவர்கள் அத்தகைய இசையை ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் என்று சாடினார்கள். ஆதரித்தவர்கள் அது எத்தனை பேரைச் சுவிசேஷத்தின் பக்கம் இழுக்கும் என்று கணக்குப் பார்த்தார்கள். பாட்டு நன்றாக அமைந்ததா என்ற கேள்வி இரு தரப்புக்கும் இரண்டாம்பட்சம். நோக்கத்தை மட்டும் வைத்துத் தள்ளுவதும் நோக்கத்தை மட்டும் வைத்துக் கொள்ளுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

பக்தியும் கறாரும் ஒருவரிடமே சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு யோஹான் செபாஸ்டியன் பாஹ் சான்று. கடவுள் ஒருவருக்கே மகிமை என்று பொருள்படும் இலத்தீன் தொடரின் முதலெழுத்துகளைத் தம் இசைப்படிகளின் முடிவில் எழுதியவர் அவர். அதே பாஹ் 1730 ஆகஸ்டில் லைப்ஸிக் நகரசபைக்குக் கொடுத்த மனுவில், திருக்கோயில் இசை ஒழுங்காக நடக்க எத்தனை பேர் வேண்டும் என்று எண்ணிக் காட்டினார். பாடகர்கள் குறைந்தது 12 பேர், 16 பேர் இருந்தால் நல்லது. வாத்தியக்காரர்கள் 18 பேராவது. நகரசபை நியமித்திருந்த வாத்தியக்காரர்களோ பயிற்சியாளர் ஒருவரையும் சேர்த்து எட்டே பேர். கடவுள் உள்ளத்தைப் பார்க்கிறார், இருப்பது போதும் என்று அவர் அமைந்துவிடவில்லை. ஆள் இல்லாமையைக் குறை என்றே எழுதினார்; அதற்காக இசையை நிறுத்தவும் இல்லை.

செவி போகும் இடம்

குறை வழிபாட்டுக்குத் தீங்கா என்பது தனிக் கேள்வி. திருச்சபை வரலாற்றில் இதை ஒத்த வழக்கு ஒன்று உண்டு. 303இல் தொடங்கிய துன்புறுத்தலின்போது வேதப் பிரதிகளை ரோம அதிகாரிகளிடம் ஒப்படைத்த குருக்களின் தொடர்பு திருச்சபையையே கெடுத்துவிட்டது, அப்படிப்பட்டவர்கள் தரும் திருவருட்சாதனங்கள் செல்லா என்று வட ஆப்பிரிக்காவின் டொனாட்டிஸ்டுகள் வாதிட்டார்கள். 411இல் கார்த்தேஜில் நடந்த மாநாட்டில் அவர்களை எதிர்த்து நின்றவர்களில் முதன்மையானவர் அகுஸ்தீன். திருமுழுக்கைக் கொடுப்பவர் கிறிஸ்து, ஆகவே கொடுக்கும் கையின் அழுக்கு அதைக் கெடுக்காது என்பது அவர் வாதம். இதே வாதத்தால் பழுதுள்ள ஆல்பத்தையும் காக்கலாமே என்று தோன்றும். ஒப்புமை பொருந்தாது. திருமுழுக்கின் பயன் கடவுள் செய்வதில் இருக்கிறது. பாட்டின் பயன் செவியில் விழுவதில் இருக்கிறது.

செவியைப் பற்றியும் அகுஸ்தீனே பேசியிருக்கிறார். ‘ஒப்புரவு அறிக்கை’ நூலின் பத்தாம் பகுதியில், பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை அதிகம் அசைக்கும் நேரங்களைப் பாவம் என்று ஒத்துக்கொள்கிறார். அலெக்சாந்திரியாவின் அத்தனாசியு சங்கீதங்களை ஏறக்குறையப் பேச்சுப் போலவே வாசிக்கச் செய்ததை நினைத்து, அதுவே பாதுகாப்போ என்றும் தயங்குகிறார். அழகு கவனத்தைத் திருடும் என்பது அவர் கவலை. வேகத்தையும் விரல் வித்தையையும் கொண்டாடும் மெட்டல் இசைக்கு அந்தக் கவலை நேராகப் பொருந்தும். அப்படியானால் குறையுள்ள பதிவே தாழ்மையானது, பக்திக்கு ஏற்றது என்று முடிவு கட்டலாமா? ஆல்பத்தைக் கேட்டால் முடியாது என்று தெரியும். உயிரற்ற டிரம்ஸ் ஓடும் இடத்தில் செவி சொல்லின் பின்னே போவதில்லை. டிரம்ஸின் பின்னேயே போகிறது. திறமையின் மிகுதி திருடும் கவனத்தைத் திறமையின் குறைவும் திருடுகிறது. தன்னைக் காட்டிக்கொள்ளாமல் சொல்லை முன்னே விடும் இசையே அகுஸ்தீனின் கவலைக்கு விடை; அது நல்ல கைவினையால்தான் கூடும்.

ஒற்றைக் குரலின் சபை

நான்காவது குறை மற்ற மூன்றையும்விட ஆழமானது. கிறிஸ்தவ மரபில் பாட்டு சபைக்குரியது. எபேசியருக்கு எழுதிய நிருபம் விசுவாசிகளை ஒருவருக்கொருவர் சங்கீதங்களால் பேசிக்கொள்ளச் சொல்கிறது. லூதரின் சீர்திருத்தம் மக்கள் கையில் பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்துப் பரவியது; 1524இல் அச்சான அதன் முதல் தொகுப்பில் இருந்தவை எட்டே பாடல்கள், அவற்றில் நான்கு லூதர் எழுதியவை. பவர் மெட்டலின் பல்லவியும் கூட்டத்தை எதிர்பார்த்து எழுதப்படுவதே. சமய மரபும் இசை மரபும் சேர்ந்து கேட்பது பன்மையை. ஆல்பம் தருவது ஒருமையின் நகல்களை. ஒரே குரலை இருபது முறை பதிந்தாலும் மூச்சு விடும் இடம் ஒன்றே, எழுத்தை உச்சரிக்கும் விதம் ஒன்றே. வேறுபட்டவர்கள் ஒன்றுபடும்போது எழும் உராய்வு அங்கே இல்லை.

தனிமை எல்லா இடத்திலும் குறையாவதில்லை. தாவீதின் பெயரில் வழங்கும் சங்கீதங்களில் பல, ஒருவர் தனியே நின்று மன்றாடுபவை. ஆல்பத்திலும் ‘நான்’ என்று அறிக்கையிடும் வரிகளில் ஒற்றைக் குரல் இயல்பாக அமர்கிறது. ‘நாம்’ என்று விரியும் பல்லவிகளில்தான் இடறுகிறது. நீளத்துக்கும் வேர் இந்தத் தனிமையே. பக்கத்தில் வாசிக்கும் இன்னொருவர் இருந்தால், இது போதும் என்று அவர் சொல்லியிருப்பார்.

திருத்தமும் தீர்ப்பும்

2008இல் வந்த இரண்டாம் ஆல்பமான ‘மிரர் ஆஃப் சோல்ஸ்’, தியாக்ரசியை உண்மையான குழுவாகக் காட்டியது. ஷான் பென்சன் டிரம்ஸ் வாசித்தார். ஜொனாதன் ஹிண்ட்ஸ் கிடாரில் சேர்ந்தார். தலைப்புப் பாடல் இருபது நிமிடத்தைத் தாண்டுவது. ஆனாலும் பகுதிக்குப் பகுதி முன்னே நகர்வதால் முதல் ஆல்பத்தின் சலிப்பைத் தருவதில்லை. நீண்ட உறுப்பு என்பது உடலோடு ஒப்பிட்டுச் சொல்லும் சொல் என்பதை அது காட்டுகிறது. 2013இல் முதல் ஆல்பமும், பென்சன் வாசித்த டிரம்ஸோடு ஒலிக்கலவை புதுப்பிக்கப்பட்டு மறுபடி வெளியானது. பலிபீடத்தில் எரிந்ததைத் திரும்ப எடுத்துச் செப்பனிட முடியாது. ஒலிப்பதிவுக்கு அந்த வாய்ப்பு உண்டு. மறுவெளியீடு இல்லாமையின் குறையைத் தீர்த்தது. பாடல்களின் நீளத்தையும் ஒற்றைக் குரலின் கூட்டிசையையும் அது தொடவில்லை. புதிதாக வந்த ஒருவரின் கைகள் அவற்றைத் தீர்த்திருக்கவும் முடியாது.

லேவியராகமத்தின் பிரிவினை இங்கே முழுமையாகப் பொருந்துகிறது. கடவுளின் முன் இந்த ஆல்பம் உற்சாகபலி; யாரும் கேளாமல் ஒருவர் மனமுவந்து தந்தது, உறுப்பு நீண்டிருந்தாலும் தள்ளப்படாதது. விலை போட்டுக் கடைக்கு வந்த பொருள் என்ற முறையில் கேட்பவருக்கு அது பொருத்தனை. காசு கொடுத்து வாங்கியவரிடம் நல்ல இசை என்ற வாக்கு கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த வாக்குக்கு உறுப்பு நீண்ட ஆடு செல்லாது. ஆல்பத்தை விமர்சிப்பவர் கொடுத்தவரின் பக்தியை எடைபோட வேண்டியதில்லை. கொடுத்தவரும் அந்தப் பக்தியை விமர்சனத்துக்குப் பதிலாகக் காட்ட முடியாது.