இடுக்குகளில் குடிவைத்த கடவுள்

வியாழன் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடிக்கிறது. சனி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்குகிறது. பழைய வானியல் பதிவுகளையும் தம் காலத்துப் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்த எட்மண்ட் ஹாலியின் கண்ணில் பட்ட விஷயம் இது. இப்படியே போனால் சூரியக் குடும்பம் என்னாவது? கோள்களும் வால்மீன்களும் ஒன்றையொன்று இழுப்பதால் வரும் பிசகுகள் சேர்ந்துகொண்டே போகும், ஒரு கட்டத்தில் மொத்த அமைப்பையும் சீர்செய்ய வேண்டிவரும் என்று ‘ஆப்டிக்ஸ்’ நூலில் எழுதினார் ஐசக் நியூட்டன். சீர்செய்பவர் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கடவுள்தான்.

இதை முதலில் எதிர்த்தவரும் ஆழ்ந்த கடவுள் நம்பிக்கை கொண்டவரே. 1715இல் வேல்ஸ் இளவரசி கரோலினுக்கு எழுதிய கடிதத்தில் ஜெர்மானிய தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் மனம் பொறுக்காமல் கேட்டார்: அவ்வப்போது சாவி கொடுத்து, பழுதுபார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய கடிகாரத்தையா கடவுள் செய்திருக்கிறார்? அவருக்கு முன்யோசனை போதவில்லை என்றல்லவா ஆகிறது?

வியாழன், சனிப் புதிருக்கு விடை 1785இல் பாரிஸில் கிடைத்தது. வியாழன் சூரியனை 5 முறை சுற்றிவரும் காலமும், சனி 2 முறை சுற்றிவரும் காலமும் ஏறத்தாழ ஒன்று. இரண்டுமே 59 ஆண்டுகளை ஒட்டி வரும். குருவுக்குப் பன்னிரண்டு, சனிக்கு முப்பது என்று பஞ்சாங்கத்தோடு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடும். ஆனால் பொருத்தம் அச்சுப் பிசகாமல் இல்லை. சிறு வித்தியாசம் இருக்கிறது. அதனால் ஒன்றை ஒன்று இழுக்கும் இழுப்பு நூற்றாண்டுக்கணக்கில் ஒரே திசையில் சேர்ந்து, பிறகு அதே அளவுக்கு மறுதிசையில் திரும்புகிறது. முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 900 ஆண்டுகள். கணக்குப் போட்டுக் காட்டியவர் பிரெஞ்சு கணித அறிஞர் லாப்லாஸ். வியாழன் ஓடிப்போகவும் இல்லை, சனி தொலைந்துபோகவும் இல்லை. கடவுளின் கை தேவை என்று நியூட்டன் கருதிய பிசகுகளில் மிகப் பெரியது, ஈர்ப்பு விதியின் கணக்குக்குள்ளேயே அடங்கிவிட்டது.

அறிவியல் இன்னும் விளக்காத இடத்தில் கடவுளைக் கொண்டுவந்து வைக்கும் இப்படிப்பட்ட வாதத்துக்கு ஆங்கிலத்தில் ‘காட் ஆஃப் த கேப்ஸ்’ (இடுக்குகளின் கடவுள்) என்று பெயர். இது நாத்திகர்கள் சூட்டிய பெயர் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இந்தக் கண்டனம் பிறந்ததும் வளர்ந்ததும் தேவாலயத்துக்குள்ளே. ஸ்காட்லாந்து சுவிசேஷகர் ஹென்றி டிரம்மண்ட், 1894இல் வெளியான ‘தி அசென்ட் ஆஃப் மேன்’ நூலில், அறிவியல் புத்தகங்களில் இடைவெளி தேடி அலைந்து அங்கே கடவுளை நிரப்பும் பக்தர்களைக் கடிந்துகொண்டார். 1955இல் அதே கண்டனத்தை இன்னும் கூர்மையாக எழுதிய சார்ல்ஸ் கூல்சன், ஆக்ஸ்ஃபோர்டில் கணிதப் பேராசிரியர். மெத்தடிஸ்ட் சபையின் பிரசங்கியாரும்கூட.

இருவரையும்விட அழுத்தமாகச் சொன்னவர் சிறைக்கைதி ஒருவர். ஹிட்லரை எதிர்த்த லூத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், பெர்லின் டேகல் சிறையில் இயற்பியல் பற்றிய ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். இயற்பியலாளர் வைட்ஸேக்கர் எழுதியது. 1944 மே 29 அன்று நண்பர் பெத்கேவுக்கு எழுதிய கடிதத்தில் அது கிளப்பிய எண்ணங்களைக் கொட்டினார். நம் அறிவின் ஓட்டைகளை அடைக்கக் கடவுளைப் பயன்படுத்தினால், அறிவின் எல்லை நகர நகர அவரும் பின்வாங்கிக்கொண்டே இருப்பார். தெரிந்தவற்றில்தான் அவரைக் காண வேண்டும், தெரியாதவற்றில் அல்ல என்பது அவர் கருத்தின் சாரம். அவர் அதோடு நிற்கவில்லை. மரணம், துன்பம், குற்றவுணர்வு ஆகியவற்றுக்கும் இது பொருந்தும் என்றார். மனிதன் நொடித்துப்போகும் நேரத்துக்காகக் காத்திருக்கும் கடவுள் வேண்டாம், வாழ்வின் நடுவிலேயே அவர் இருக்க வேண்டும். குண்டுவீச்சுக்கு நடுவே, உயிருக்கு உத்தரவாதமில்லாத அறையிலிருந்து இதை எழுதினார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளாசன்பர்க் வதைமுகாமில் தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு வயது 39.

நம்பிக்கையின் தைரியம் என்றால் இதுதான். தன் கடவுளைக் காப்பாற்ற அவர் யாருடைய அறியாமையையும் எதிர்பார்க்கவில்லை.

இதே நிதானம் பெல்ஜியப் பாதிரியார் ஜார்ஜ் லெமெத்ரிடமும் இருந்தது. பிரபஞ்சம் ஓர் ஆதி அணுவிலிருந்து விரிந்தது என்று 1931இல் சொன்னவர் அவர். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், இந்த அறிவியல், கடவுளின் படைப்புக்குச் சான்று சொல்வதுபோல் உரையாற்றினார். மகிழ வேண்டிய பாதிரியார் சங்கடப்பட்டார். தன் கோட்பாடு இயற்பியல். அதில் ஆதியாகமத்தைத் தேடக்கூடாது என்பது அவர் நிலை. மறு ஆண்டு வானியலாளர்கள் மாநாட்டில் பேசிய போப் அந்த வாதத்தைத் திரும்ப எடுக்கவில்லை.

நம் ஊர்ப் பக்கமும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. பெரியம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகி, ‘ஆத்தா வந்திருக்கா’ என்று தணிந்த குரலில் சொன்ன காலம் ஒன்றிருந்தது. தடுப்பூசி வந்தது, காரணம் வைரஸ் என்று தெரிந்தது, இந்தியாவின் கடைசி நோயாளி 1975இல் பதிவானார், உலகத்திலேயே இந்த நோய் இல்லை என்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தெரியாத நோய்க்குக் காரணம் சொல்ல மட்டுமே மாரியம்மன் இருந்திருந்தால், சமயபுரம் அன்றே வெறிச்சோடியிருக்க வேண்டும். இன்றும் அங்கே பூச்சொரிதலுக்குக் கூடை கூடையாகப் பூ வந்து குவிகிறது. பக்தர்களுக்காக அம்மனே 28 நாள் பச்சைப்பட்டினி விரதம் இருக்கிறாள். அந்த நாட்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது, இளநீர், பானகம், துள்ளுமாவுதான். தன் பிள்ளைகளுக்காகப் பசி பொறுக்கும் தாய் என்ற உறவு, எந்த மருத்துவ விளக்கத்தின் இடத்தையும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. அதனால் விளக்கம் வந்தபோது அது விலகவும் வேண்டியிருக்கவில்லை.

இப்போது புதிய இடைவெளி ஒன்று பேசப்படுகிறது. மூளையின் நரம்பணுக்கள் எப்படி இயங்குகின்றன என்று விளக்கிய பிறகும், வலி ஏன் வலிக்கிறது என்பது விளங்கவில்லை. 1983இல் தத்துவ அறிஞர் ஜோசப் லெவின் இதை ‘விளக்க இடைவெளி’ என்றார். அது ஒருபோதும் மூடாது என்போரும், நிச்சயம் மூடும் என்போரும் தத்துவத்துறையில் இருக்கிறார்கள். ஆன்மாவுக்கு இங்கே ஓர் இருக்கை போட்டுவிடலாம் என்ற ஆசை சில சொற்பொழிவுகளில் தலைகாட்டுகிறது. நியூட்டன் போன்ற மேதையே சறுக்கிய வழுக்குப்பாறை அது.

சமயம் பேசும் மேடைகளுக்கும், பிள்ளைகளுக்குப் பதில் சொல்லும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். அறிவியலுக்கு இன்னும் விடை தெரியாத கேள்வியைப் பிள்ளை கேட்டால், ‘அது சாமி செய்வது’ என்று முடித்துவிடாதீர்கள். யாருக்கும் இன்னும் தெரியாது, நீ பெரியவளாகிக் கண்டுபிடி என்று சொல்லுங்கள். அன்று மாலை அவளைக் கோயிலுக்கும் கூட்டிப்போங்கள்.