நனைந்த தானியமும் நோயாளியின் சம்மதமும்

சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தார்கள், உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. அப்படியானால் ஜனங்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டார்கள். சுங்கை பாக்காப்பில் அரிசி மூட்டை விற்கும் நமக்கு இது தெரிந்த சங்கதிதான். மருத்துவமனைக்கும் இது பொருந்தும் என்பதை நாம் நினைப்பதில்லை.

1999, 2000 ஆண்டுகளில் திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தில், வாயில் புற்று கண்ட 26 பேருக்கு ஒரு புதிய மருந்தை ஊசியால் ஏற்றிச் சோதித்தார்கள். (வெற்றிலையோடு மெல்லும் புகையிலை இந்நோய்க்குப் பெருங்காரணம், அதை விற்கும் நாம் இதைத் தனியே பேசவேண்டும்.) சோதனையில் பங்குகொண்ட ஆய்வாளர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தவர். அங்குள்ள நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறப்படவில்லை. நோயாளிகளுக்கும் போதிய விளக்கம் தரப்படவில்லை. 2001-ல் அப்பல்கலைக்கழகமே விசாரித்து இது தவறென்று சொல்லிற்று. நோயாளி மனமொப்பாமல் சோதனை கூடாதென்று 1947-லேயே நூரம்பர்க் நீதிமன்றம் வகுத்திருந்தும் இப்படி!

சோதனையே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. இன்று நம் வீட்டாருக்கு ஏற்றும் புற்றுநோய் மருந்துகள், முன்னே யாரோ சில நோயாளிகள் தம் உடம்பில் ஏற்றுப் பார்த்ததால் வந்தவை. அறிந்து கொடுத்தால் அது சதகா. அறியாதவனிடமிருந்து எடுத்தால் அதற்குப் பெயர் வேறு.

கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதிச் சாட்சி வைக்கச் சொல்கிறது குர்ஆன். ஆகவே டாக்டர் காகிதம் நீட்டினால், தமிழில் படித்துச் சொல்லும்படி கேளுங்கள். சம்மதியாவிட்டால் வழக்கமான சிகிச்சை தடையின்றிக் கிடைக்குமா என்பதையும், வீட்டார் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேட்டுவிடுங்கள்.