அரசாங்கம் கொடுத்துவிட்டால் நம் கடமை தீர்ந்துவிடுமா?

“ஏழைகளைக் கவனிக்கத்தான் அரசாங்கம் இருக்கிறதே, நாம் வேறு எதற்கு?” என்னும் பேச்சு நம்மிடையே சர்வ சாதாரணமாகிவிட்டது. ரேஷன் கடையில் அரிசி கிடைக்கிறது. முதியோருக்கு மாதந்தோறும் பணம் வருகிறது. விதவைகளுக்கும் வருகிறது. பெரிய வியாதி என்றால் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஆகவே ரமளானில் ஜகாத்தைக் கணக்கிட்டுக் கொடுத்துவிட்டால் நம் பொறுப்பு முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான பேச்சும் உண்டு. “நம் மக்கள் ஏன் அரசாங்க ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டும்? நம் ஏழைகளை நாமே பார்த்துக்கொள்வோம்” என்பார்கள் சிலர். கேட்பதற்கு இது ரோஷமான பேச்சாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சிற்றூரின் ஜமாஅத்தால், சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு ஆண்டுக்கணக்கில் வைத்தியம் பார்க்க இயலுமா? நூறு குடும்பங்களுக்கு மாதந்தோறும் அரிசி அளக்க இயலுமா? ஆகவே இந்த இரு பேச்சுகளையும் மார்க்கத்தின் உரைகல்லில் உரசிப் பார்ப்பது நல்லது.

நம் கடமைகளை அறிஞர்கள் இரு வகையாகப் பிரித்திருக்கிறார்கள் என்பதை யாவரும் அறிவர். தொழுகை, நோன்பு போன்றவை ஃபர்ளு ஐன். அவற்றை ஒருவருக்காக இன்னொருவர் நிறைவேற்ற முடியாது. மற்றொன்று ஃபர்ளு கிஃபாயா. ஊரில் போதிய பேர் அதைச் செய்துவிட்டால் மற்றவர்களின் பொறுப்பு நீங்கும். ஒருவருமே செய்யாவிட்டால் ஊரார் அனைவரும் குற்றவாளிகள் ஆவர். பசித்தவனின் பசியைப் போக்குவதும், திக்கற்றவர்களின் துயர் துடைப்பதும் இந்த இரண்டாம் வகையில் அடங்கும் என்பது அறிஞர்களின் கூற்று.

அப்படியானால் அரசாங்கம் அதைச் செய்துவிட்டால் நம் பொறுப்பு நீங்கிவிடாதா? நீங்கும். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. காரியம் உண்மையிலேயே நடந்து முடிந்திருக்க வேண்டும். சென்னையில் உத்தரவு பிறந்துவிட்டதாலேயே காரியம் நடந்துவிட்டதாக ஆகாது. உத்தரவு பிறந்த இடத்துக்கும் ஏழையின் வாசலுக்கும் இடையே ஒரு வழி இருக்கிறது. அந்த வழியைக் கடந்து உதவி உரியவரின் கையில் சேரும்வரை ஃபர்ளு கிஃபாயா ஊரார் தலைமீதுதான் நிற்கிறது. இதுவே நாம் இங்கே சொல்ல விரும்புவது.

ஃபர்ளு கிஃபாயாவுக்கு எல்லாரும் சொல்லும் உதாரணம் ஜனாஸா. உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் களமருதூரையோ அதைப் போன்ற வேறு ஊரையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கூலித் தொழிலாளி தம் வீட்டிலேயே வஃபாத்தாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். செய்தி கிடைத்த மாத்திரத்தில் ஊர் கூடிவிடும். மையித்தைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழவைத்து, அடக்கம் செய்துவிட்டுத்தான் கலையும். இந்த நான்கையும் யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஏழை வீட்டு ஜனாஸாவையும் செல்வர் வீட்டு ஜனாஸாவையும் ஒன்றுபோல் சுமந்து செல்லும் சமுதாயம் நம் சமுதாயம். இதில் நாம் பெருமை கொள்ளலாம்.

ஆனால் கப்ரின்மீது மண் தள்ளிய பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது?

1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, மரணத்தை 21 நாட்களுக்குள் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். கிராமங்களில் இதற்குப் பதிவாளர் கிராம நிர்வாக அலுவலரே. இந்தக் கெடு தாண்டினால் தாமதக் கட்டணம். முப்பது நாள் தாண்டினால் மேலதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி. ஓராண்டு தாண்டினால் விசாரணை, உத்தரவு என்று அலைச்சல். இறப்புச் சான்றிதழ் இல்லாமல் வாரிசுச் சான்றிதழ் இல்லை. கணவர் இறந்ததற்கான சான்று இல்லாமல் விதவை ஓய்வூதியமும் இல்லை. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962ஆம் ஆண்டிலிருந்தும், ஆதரவற்ற விதவைகளுக்கான ஓய்வூதியம் 1975ஆம் ஆண்டிலிருந்தும் உள்ளன. இந்தத் தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இந்தக் கதவைத் திறக்கும் சாவி அந்தச் சான்றிதழ்தான்.

இப்போது கவனியுங்கள். கணவரை இழந்த பெண்ணின் இத்தாக் காலம் நான்கு மாதமும் பத்து நாளும். அந்த நாட்களில் அவள் வீட்டில் இருக்கிறாள். நம் ஊர்களின் வழக்கப்படி அவசியத்துக்குக்கூட வெளியே வரத் தயங்குகிறாள். சட்டம் கொடுத்துள்ள 21 நாளோ அந்த இத்தாவுக்குள்ளேயே முடிந்துபோகிறது. பிள்ளைகள் சிறுவர்கள். உடன்பிறந்தார் வெளியூரில். அவளுக்காகக் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க யார் போவது?

அரசாங்கத்தின்மீது இங்கே குற்றமில்லை. மரணத்தைப் பதிவு செய்ய ஒரு கெடு இருக்கத்தான் வேண்டும். மார்க்கத்தின் சட்டத்திலும் குறையில்லை. இரண்டுக்கும் நடுவே நிற்கும் அந்தப் பெண்ணுக்காக நடந்து செல்ல ஒரு மனிதர் வேண்டும், அவ்வளவுதான். குளிப்பாட்டலும் கபனும் தொழுகையும் அடக்கமும் மையித்துக்குரிய ஃபர்ளு கிஃபாயாக்கள். உயிரோடிருக்கும் குடும்பத்துக்கு ஊர் செய்ய வேண்டியதில் ஐந்தாவதாக இந்தச் சான்றிதழைச் சேர்த்துக்கொண்டால் தவறா? பள்ளியில் மையித்துக் கட்டிலைப் பாதுகாக்க ஓர் ஆள் இருப்பதுபோல், இந்த வேலைக்கும் ஓர் ஆளைக் குறிப்பிட்டு வைக்க எந்த ஜமாஅத்தாலும் முடியும்.

பொதுநிதியை முறைப்படி பங்கிட முதன்முதலில் திவான் என்னும் பதிவேட்டை வைத்தவர் ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள். அவர்கள் காலத்து நிகழ்ச்சியொன்றை வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பால் மறந்த குழந்தைகளுக்கு மட்டும் பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை என்பது அப்போதைய விதி. ஓரிரவு மதீனாவுக்கு வெளியே வணிகக் கூட்டம் ஒன்று வந்து தங்கியது. அவர்களுக்குக் காவலாக உமர் (ரலி) அவர்களே சென்றார்கள். ஒரு கூடாரத்தில் குழந்தை ஓயாமல் அழுதது. மும்முறை சென்று விசாரித்தபோது, தன்னிடம் பேசுபவர் கலீஃபா என்பதை அறியாத தாய் உண்மையைச் சொல்லிவிட்டாள். உதவித்தொகை சீக்கிரம் கிடைக்கட்டும் என்று, காலம் வருமுன்பே குழந்தையைப் பால் மறக்கடித்துக்கொண்டிருந்தாள் அவள். அன்று ஃபஜ்ருத் தொழுகையில் கலீஃபா அழுத அழுகையில் ஓதியதுகூட மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லையாம். அன்றே விதி மாற்றப்பட்டது. பிறந்த நாளிலிருந்தே ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை என்று அறிவிக்கப்பட்டது.

அந்த விதி இரக்கத்தோடு வகுக்கப்பட்டதுதான். ஆயினும் அது ஒரு கூடாரத்துக்குள் போய்ச் சேர்ந்தபோது என்ன விளைவித்தது என்பது பதிவேட்டைப் பார்த்துத் தெரியவில்லை. கூடாரத்தின் அருகே நின்றவருக்கே தெரிந்தது. இன்றைய முதலமைச்சரோ கலெக்டரோ ஒவ்வொரு கூடாரத்தருகிலும் நிற்க முடியாது. பக்கத்து வீட்டார் நிற்க முடியும்.

திருமறையின் அல்பகரா அத்தியாயம் 273ஆம் வசனம் ஒரு வகை ஏழைகளைப் பற்றிப் பேசுகிறது. அவர்கள் மானம் கருதி யாரிடமும் வருந்திக் கேட்கமாட்டார்கள். விவரமறியாதவர் அவர்களைச் செல்வர் என்றே எண்ணிவிடுவர். முகக்குறியைக் கொண்டுதான் அவர்களை அறிய முடியும் என்பது அதன் கருத்து. எந்த அரசாங்கமும் கேட்பவருக்குத்தான் கொடுக்கும். மனு எழுதிக் கையெழுத்திட்டால்தான் அது ஒருவரை ஏழை என்று அறியும். கேட்காதவரை அறியும் கண் அதற்கில்லை. அந்தக் கண் தெருவுக்கு இருக்கிறது. எந்த வீட்டில் இரண்டு நாளாக அடுப்புப் புகையவில்லை, எந்தப் பெரியவர் சர்க்கரை வியாதி மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்குகிறார் என்பதெல்லாம் தெருவுக்குத் தெரியும். அத்துடன் அல்மாஊன் அத்தியாயம், ஏழைக்கு உணவளிக்குமாறு பிறரைத் தூண்டாதவனையும் கண்டிக்கிறது. கையில் காசில்லாதவரும் இந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்பது இதனால் விளங்கும். கொடுக்க இயலாதவருக்கும் எடுத்துச் சொல்ல வாய் இருக்கிறது, கூட்டிச் செல்லக் கால் இருக்கிறது.

அரசும் தொண்டு செய்வோரும் எப்படி இணைய வேண்டும் என்பதற்கு நம் பள்ளிவாசல்களிலேயே ஓர் அழகிய உதாரணம் உண்டு. நோன்புக் கஞ்சிக்காகத் தமிழக அரசு பல ஆண்டுகளாகப் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்கி வந்திருக்கிறது. ஆனால் அரிசி மட்டும் கஞ்சியாகிவிடுமா? பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் வாங்க ஊரார் பணம் தருகிறார்கள். விறகு வருகிறது. லுஹருக்குப் பிறகு ஒருவர் தேக்சாவின் முன் நின்று, அடிப்பிடிக்காமல் கிண்டுகிறார். அஸருக்குப் பின் தூக்குவாளியோடு வரும் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுக்கிறார்கள். அவர்களில் முஸ்லிம் அல்லாத வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். அரிசி வந்துவிட்டது, நமக்கு வேலையில்லை என்று எந்த ஊரும் அடுப்பை அணைத்து வைக்கவில்லை. நோன்புக் கஞ்சியில் நாம் அறிந்து வைத்திருக்கும் இந்த நியாயம் ஓய்வூதியத்திலும் வைத்தியத்திலும் படிப்பிலும் மறந்து போவானேன்?

2007ஆம் ஆண்டிலிருந்து மாவட்டங்களில் அமைக்கப்பட்ட முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்களைப் பாருங்கள். விதவைகளுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் கைகொடுக்க ஏற்பட்டவை அவை. மாவட்ட ஆட்சியர் அவற்றின் தலைவர். சங்கம் நன்கொடையாகத் திரட்டும் தொகைக்கு ஏற்ப அரசு இணை மானியம் தருவது என்பது ஏற்பாடு. அதாவது நாம் கொடுத்தால்தான் அரசாங்கமும் கொடுக்கும். நாம் திரட்டாத ரூபாய்க்கு ஈடாக அங்கிருந்து ஒரு காசும் வராது. அரசு கொடுக்கிறதே என்று கையை மடக்கிக்கொள்பவர், அந்த அரசின் கையையும் சேர்த்தே மடக்கிவிடுகிறார்.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்க, அரசு உள்ளூர் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களைத் தன்னார்வலர்களாக நாடிற்று. மருந்து அரசிடம் இருந்தது. வீடு தெரிந்த கால்கள் ஊரில்தான் இருந்தன.

இந்த இரண்டும் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் மாவட்டத்தைவிட வேறெங்கும் தேட வேண்டியதில்லை. ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த கல்வராயன் மலை 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்தின் கீழ் வந்தது. 48 ஆண்டுகள் கழித்து, 2024இல், அந்த மலைவாழ் மக்களின் அடிப்படை வசதிகளைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்து விசாரிக்க வேண்டியிருந்தது. காகிதத்தில் வந்து சேர்ந்த அரசாங்கம் வாசலுக்கு வந்து சேர எவ்வளவு காலம் ஆகிறது, பாருங்கள்!

அந்த வழக்குக்கு வழிவகுத்த துயரத்தை யார்தான் மறக்க முடியும்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 65 உயிர்களுக்கு மேல் குடித்தது. முதல் மரணங்களின் காரணம் உடனே தெளிவாக அறிவிக்கப்படாத நிலையில், துக்க வீட்டுக்கு வந்தவர்களிலும் சிலர் அதே சாராயத்தைக் குடித்ததாகச் செய்திகள் வந்தன. பின்னர் அரசு குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவையும் ஏற்றது. இது வேண்டிய உதவியே. ஆனால் இறந்த பிறகு வரும் லட்சங்களைவிட, இறக்குமுன் வரும் ஓர் எச்சரிக்கை மேலானது. சாராயம் எங்கே விற்கிறது என்பது தெருவுக்குத் தெரியும். தடுக்கும் அதிகாரம் அலுவலகத்தில் இருக்கிறது. தெரிந்தவரும் அதிகாரமுள்ளவரும் ஒருவரையொருவர் நம்பிப் பேசாத இடத்தில்தான் விஷம் விற்பனையாகிறது. மது நமக்கு ஹராம், ஆகவே அது நம் பிரச்சினையில்லை என்று ஒதுங்குவோரும் உண்டு. அண்டை வீட்டாரின் உரிமையை வலியுறுத்திய நாயகம் (ஸல்) அவர்கள் அந்த உரிமையை முஸ்லிம் வீட்டோடு நிறுத்திவிடவில்லையே!

சிலர் கேட்கக்கூடும்: “நாங்கள் வரி கட்டுகிறோம். அதற்குத்தானே அதிகாரிகளுக்குச் சம்பளம்? அவர்கள் வேலையை நாங்கள் ஏன் செய்ய வேண்டும்?” நியாயமான கேள்விதான். அதிகாரி தம் வேலையைச் செய்யும்படி கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்கவும் வேண்டும். ஆனால் அவர் செய்யும்வரை பசி காத்திருக்காது. அரசின் குறை அரசின் கணக்கில் எழுதப்படும். பக்கத்து வீட்டின் பசியோ நம் கணக்கிலும் எழுதப்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. உதவிக்குக் கூட்டிச் செல்பவர் தரகராகிவிடக் கூடாது. மனு எழுத நூறு, முத்திரை வாங்க இருநூறு என்று ஏழையிடமே பறிப்பது கொடிய பாவம். தம் கட்சிக்காரருக்கும் தம் உறவினருக்கும் மட்டும் வழிகாட்டுவதும், கொடுத்ததைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டுவதும் உதவியைப் பாழாக்கும். ஒருவருடைய வறுமையை நாம் அறிந்திருப்பது ஓர் அமானத். உரிய இடத்தில் சொல்வதற்காக மட்டுமே அது நம்மிடம் இருக்கிறது.

பெரிய சங்கமோ பெரும் நிதியோ இதற்கு வேண்டியதில்லை. பள்ளியில் நிகாஹ் தஃப்தர் இருப்பதுபோல் மஹல்லாவின் விதவைகள், அநாதைகள், நோயாளிகள், முதியோர் ஆகியோருக்கு ஒரு பதிவேடு இருக்கட்டும். அது முத்தவல்லியின் பொறுப்பில் மறைவாக இருக்கட்டும். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் இருவர், ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் பள்ளித் திண்ணையில் அமர்ந்து, வருவோருக்கு மனு எழுதிக் கொடுக்கட்டும். எந்த மதத்தவராயினும் சரி. அடக்கம் முடிந்த மறுநாளே இறப்பைப் பதிவு செய்ய ஒருவர் செல்லட்டும். கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று தோன்றி, ஆட்சியர் அலுவலகம் முன்னைவிட அருகில் வந்திருக்கிறது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. இவை ஏழையின் வாசலுக்கு இன்னும் அருகில் வருவது நம் கால்களைப் பொறுத்தது.

அரசாங்கம் கொடுத்துவிட்டால் நம் கடமை தீருமா என்று கேட்டோம். கொடுத்தது சேர்ந்துவிட்டால் தீரும். சேர்ந்ததா என்று போய்ப் பார்க்காமல் தீர்ந்ததாகச் சொல்ல நமக்கு உரிமையில்லை. கேட்காத ஏழைகளை இனங்காணும் கண்ணையும், அவர்களுக்காக நடக்கும் காலையும், நடந்ததைச் சொல்லிக் காட்டாத நாவையும் வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.