தாமதமாக வந்தவர்

ஸார்த்தரின் 'அழுக்குக் கைகள்' (1948) நாடகத்தில், ஒரு கொள்கைக்காகத் தன் தலைவனையே கட்சி கொல்லச் செய்கிறது. பின்னர் அதே கொள்கையைத் தானே மேற்கொள்கிறது. செத்தவனின் சாவுக்கு அப்புறம் என்ன அர்த்தம்?

புதுச்சேரியின் எதுவார் குபேரைப் பற்றி யோசிக்கையில் இந்தக் கேள்வி வேறு உருவில் வருகிறது. 1936 ஜூலை 30இல் வேலைநிறுத்தம் செய்த மில் தொழிலாளர் 12 பேரைப் பிரெஞ்சு அரசு சுட்டுக் கொன்றது. விக்கிரமசிங்கபுரம் போல் மில்லை அண்டிய ஊர்க்காரனுக்கு அது வெறும் தேதி அல்ல. அத்தொழிலாளரைத் திரட்டிய வ. சுப்பையா சிறையும் நாடுகடத்தலும் கண்டார்; 1950இல் அவர் வீடு கொளுத்தப்பட்டது. குபேர் அப்போது மறுபக்கத்தில் இருந்தார். பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சியின் தலைவர், 1951 முதல் பாரிஸ் நாடாளுமன்ற உறுப்பினர், இணைப்பை எதிர்த்தவர். 1954 மார்ச்சில் திடீரென்று இணைப்பு வேண்டும் என்றார். நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு அமைத்தார். நவம்பர் 1இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. 1963இல் அவரே முதலமைச்சர்.

ஊழல் விசாரணை நெருங்கியதால்தான் மாறினார் என்பது அவர் மேல் அன்றே எழுந்த குற்றச்சாட்டு. இருக்கலாம். கடமைக்கு இசைந்த செயலையும் கடமையுணர்விலிருந்து பிறந்த செயலையும் காண்ட் பிரித்தார். அந்தத் தராசில் குபேருக்கு ஒன்றும் தேறாது. ஆனால் விடுதலை பெறுகிறவனுக்கு, கதவைத் திறந்தவனின் அந்தரங்கம் எதற்கு? சாவி குபேரிடம் இருந்தது, சுப்பையாவிடம் இல்லை. தூய்மையானவர்களிடம் சாவி இருப்பது அபூர்வம்.

இந்த வாதத்தை நான் முக்கால்வாசி ஏற்கிறேன். உறுத்துவது குபேரின் நோக்கம் அல்ல, சாவி அவர் கைக்கு வந்த விதம். 1948 ஜூன் ஒப்பந்தம் மக்களே வாக்களிப்பார்கள் என்றது. சந்திரநாகூர் 1949இல் அப்படித்தான் தீர்மானித்தது. புதுச்சேரி மக்களுக்கு அது வாய்க்கவில்லை. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் வாக்களித்தவர்கள் 178 பிரதிநிதிகள்; குபேரின் கட்சி கோலோச்சிய தேர்தல்களில் வந்தவர்கள் அவர்களில் ஏராளம். பிரெஞ்சுக் கொடியின் கீழ் பெற்ற அதே ஆணையை வைத்துக்கொண்டு 170 பேர் அக்கொடியை இறக்கினார்கள். மக்கள் மனம் அதுவாகத்தான் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மனத்தை ஊகித்து அறிவது வேறு, கேட்டு அறிவது வேறு. டில்லிக்கும் பாரிஸுக்கும் ஊகம் சௌகரியமாக இருந்தது. கேட்பதென்றால் தாமதமாகும், இரைச்சலாகும், சுப்பையாவின் ஆட்களும் பேசுவார்கள். ஆக, சந்தர்ப்பவாதி என்று குபேரை மட்டும் சுட்டுவது நமக்கு வசதியான ஏற்பாடு. அவருடைய திருப்பத்தை அவசரமாக வாங்கிக்கொண்டவர்களின் ஒழுக்கத்தை அது பேச்சிலிருந்து ஒதுக்கிவிடுகிறது.

புதுச்சேரியின் கடற்கரைச் சாலைக்கும் பெரிய மார்க்கெட்டுக்கும் குபேர் பெயர் இருக்கிறது. பெயர் வைத்ததில் எனக்கு ஆட்சேபமில்லை. கீழூரில் எதிர்த்து வாக்களித்த எட்டுப் பேரைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் பக்கம் நான் நின்றிருக்க மாட்டேன். ஆனால் நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்வதுதான் நேர்மை என்றால், அந்தக் கொட்டகையில் நேர்மையானவர்கள் அவர்கள்தான்.