ஜீர்ணோத்தாரணமும் சோக் கேபிளும்

ஒரு பொருளின் உறுப்புகள் தேய்ந்து ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட பின்னும் அதனை அதே பொருள் என்று சொல்லலாமா என்னும் கேள்வி, இந்தியத் தத்துவ மரபுகளில் அவயவி பற்றிய வாதமாகவும், ஆலய மரபில் ஜீர்ணோத்தாரணம், அதாவது சிதைந்ததைச் சீராக்கி மீட்டெடுத்தல், பற்றிய விதிகளாகவும் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. கிரேக்கத்தில் தீசியஸின் கப்பலை முன்வைத்து இதே ஐயத்தைப் புளூட்டார்க் எழுதிவைத்தார். ஆயினும் அங்கு அது பெரிதும் வாதப் பயிற்சிக்குரிய வினாவாகவே தங்கிவிட்டது. திருவனந்தபுரத்திலோ அது ஆலயத்திலும் பழைய வாகனங்களின் கொட்டகையிலும் நாள் குறித்து முடிவெடுக்க வேண்டிய நடைமுறைச் சிக்கலாக இருக்கிறது.

சிறிய பொருளிலிருந்து தொடங்கினால் வினா தெளிவாகும். பழைய பெட்ரோல் கார்களில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை என்பதால், கலவையில் பெட்ரோலின் பங்கைச் சற்று நேரம் கூட்டிக்கொடுக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதற்குச் சோக் என்று பெயர். கார்புரேட்டரின் வாயிலுள்ள தகட்டை மூடிக் காற்றைக் குறைப்பது அதன் பொதுவான முறை. ஓட்டுநரின் முன்னுள்ள குமிழை அந்தத் தகட்டோடு இணைப்பதே சோக் கேபிள்: சுருள்கம்பியாலான உறை ஒன்று, அதனுள் நகரும் எஃகுக் கம்பி ஒன்று. 1896இல் எர்னஸ்ட் பௌடன் காப்புரிமை பெற்ற கேபிளின் வழிவந்த அமைப்பு இது. பிரேக் கேபிள் இழுக்க மட்டுமே செய்யும். மீட்கும் வேலையை வில் பார்த்துக்கொள்ளும். சோக் கேபிளோ பல கார்களில் இழுக்கவும் தள்ளவும் வேண்டியிருப்பதால், அதன் உள்கம்பி முறுக்கிய இழைகளாக இல்லாமல் விறைப்பான ஒற்றைக் கம்பியாக அமைகிறது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் உள்ள, காலைக் குளிர் மிகக் குறைந்த திருவனந்தபுரத்தில் சோக்கை இழுக்கும் தேவை அரிது என்பதாலேயே அந்தக் கம்பி உறைக்குள் அசையாமல் கிடந்து துருவேறுகிறது. துருவேறிய கம்பியை உள்ளே தள்ளினால் அது நகராமல் மடங்கும். தகடு பாதி மூடியபடியே நிற்கும். கரும்புகை வரும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும், எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடும்.

உள்கம்பியை மட்டும் புதிதாகக் கோத்தால் அது பழைய கேபிள்தானா? கேபிளையே மாற்றினால் அது பழைய கார்தானா? நியாய வைசேடிகர் இதற்குக் கறாரான விடை தருவர். உறுப்புகளாகிய அவயவங்களுக்கு மேலாக, அவற்றில் தங்கியிருக்கும் அவயவி என்னும் முழுப்பொருள் மெய்யாகவே உண்டு என்பது அவர்கள் கொள்கை. ஆகவே துணியிலிருந்து ஒரு நூலை உருவினாலும் பழைய துணி அழிந்து, கண்டபடம் எனப்படும் குறைபட்ட புதிய துணி பிறக்கிறது என்றும், அதே துணி என்று நாம் அடையாளம் காண்பது இரண்டும் ஓரினம் என்பதால்தான் என்றும் அவர்கள் வாதிட்டனர். பௌத்தரோ முழுப்பொருள் என்ற ஒன்றையே மறுத்தனர். மிலிந்த மன்னனிடம் நாகசேனர் தேரின் அச்சையும் சக்கரத்தையும் தனித்தனியே சுட்டிக் காட்டித் தேர் என்பது வழக்கில் உள்ள பெயரே என்று விளக்கியது புகழ்பெற்ற உரையாடல். இத்தகைய வாதங்கள் தமிழுக்கும் புதியவை அல்ல. சேரர் தலைநகரான வஞ்சியில் வைசேடிகவாதி உள்ளிட்ட சமயக் கணக்கர் பலரின் கொள்கைகளைக் கேட்டறிந்தவள் மணிமேகலை. நியாயத்தின்படி ஒவ்வொரு பழுதுபார்ப்பிலும் புதிய கார் பிறக்கிறது, பௌத்தத்தின்படி கார் என்று ஒன்று இருந்ததே இல்லை. வாகனப் பதிவு அலுவலகம் இவ்விரண்டில் எதையும் ஏற்காது. எனினும் பௌத்தர் சந்தானம் என்று குறித்த கருத்து, அதாவது முன்னது பின்னதற்குக் காரணமாகி அறுபடாமல் செல்லும் தொடர்ச்சி, இங்கே கைகொடுக்கிறது.

அந்தத் தொடர்ச்சியை எவ்வாறு காப்பது என்பதை ஆலய மரபு விரிவாக வகுத்திருக்கிறது. நம்மாழ்வார் பாடிய திருத்தலமான, திருவனந்தபுரத்தின் பத்மநாபசுவாமி கோயில் 1686இல் தீக்கிரையாகி, பின்னர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில் புதுப்பிக்கப்பட்டது. முன்பு இலுப்பை மரத்தால் ஆனதாகக் கூறப்படும் மூலவர் திருமேனி, அப்போது 12,008 சாளக்கிராமங்களைக் கொண்டு கடுசர்க்கரை முறையில் அமைக்கப்பட்டது. கடுசர்க்கரை என்பது மண், குங்கிலியம், மூலிகைச் சாறுகள் முதலியவற்றைக் குழைத்துச் செய்யும் சாந்து. இம்முறையில் மரச்சட்டம் எலும்பாகவும், அதன்மேல் சுற்றப்படும் தென்னை நார்க்கயிறு நாடிகளாகவும் கொள்ளப்படுகின்றன. பொருளே மாறிவிட்டது; மரம் போய்ச் சாளக்கிராமம் வந்தது. ஆயினும் அங்கே பள்ளிகொண்டிருப்பவர் வேறொரு பத்மநாபர் என்று பக்தர் எவரும் கருதவில்லை. புதுப்பிக்கும் காலத்தில் தெய்வ சான்னித்தியத்தைப் பாலாலயம் என்னும் தற்காலிக இடத்துக்கு மாற்றி வழிபாட்டை நிறுத்தாமல் நடத்தி, பணி முடிந்தபின் மீண்டும் மூல இடத்தில் நிறுவும் விதி, பொருளுக்கும் அதில் குடிகொண்டதற்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக ஏற்றுக்கொண்ட விதியாகும். 2025 ஜூன் 8 அன்று நடந்த மகா கும்பாபிஷேகத்தில் விஷ்வக்சேனர் விக்கிரகம் மறுபிரதிஷ்டை செய்யப்பட்டதும் இந்த மரபின் தொடர்ச்சியே.

இங்கு கவனிக்கத்தக்கது, எல்லா உறுப்புகளும் ஒரே நிறையுடையவை அல்ல என்னும் தீர்ப்பு. 15ஆம் நூற்றாண்டில் சேன்னாஸ் நாராயணன் நம்பூதிரி இயற்றிய, கேரளக் கோயில்களின் கிரியைகளுக்கு ஆதாரமான தந்திரசமுச்சயம் ஜீர்ணோத்தாரணத்தைத் தனியே பேசுகிறது; ஆகம மரபும் உறுப்புகளை முதன்மையானவை, துணையானவை என்று பிரித்து, துணையுறுப்பு சிதைந்தால் சீராக்கவும், முதன்மையுறுப்பு உடைந்தால் விக்கிரகத்தையே மாற்றவும் சொல்கிறது. வியப்பு என்னவென்றால், 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தமும் இதே வழியில் செல்கிறது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனம் தொன்மை வாகனமாகப் பதிவு பெற வேண்டுமானால், அது மூலவடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. முதன்மையுறுப்புகள் மூன்று என்று சட்டம் பெயர் சொல்லிவிட்டது. சோக் கேபிள் அவற்றில் இல்லை.

திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா (1922–2013) 1950களில் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் 180 காரை இறுதிவரை விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கு ஈடாக இரண்டு புதிய கார்கள் தர நிறுவனம் முன்வந்ததாகவும் அவர் இசையவில்லை என்றும் நாளிதழ்கள் எழுதின. புதிய இரண்டு பழைய ஒன்றுக்கு ஈடாகாது என்று மறுத்தவர், அந்த ஒன்றின் தேய்ந்த பாகங்களை மாற்றக் கூடாது என்று கருதியிருக்க வாய்ப்பில்லை. முழுவதும் புதியதைக் கொள்வது தொடர்ச்சியை அறுக்கிறது. உறுப்பை மாற்றுவதே அதைக் காக்கிறது. வழக்கங்களுக்கும் இது பொருந்தும். 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் வெளியிட்ட ஆலயப் பிரவேச அறிவிப்பு, சாதியின் பெயரால் கோயில் நுழைவுக்கு இருந்த பல நூற்றாண்டுத் தடையை நீக்கியபோது, கோயிலின் தூய்மையே போய்விட்டது என்று வைதிகர் சிலர் வருந்தினர். அவர்கள் துருவை உறுப்பு என்று எண்ணியவர்கள்.

ஆகவே, மூலக் கேபிள் என்ற ஒரே காரணத்துக்காகச் செயலற்ற கம்பியை அப்படியே விட்டு, காரை ஓட்டாமல் காட்சிக்கு நிறுத்துவது பக்தி போலத் தோன்றினாலும் உண்மையில் புறக்கணிப்பே. குமிழும் உறையும் நன்றாக இருந்தால் உள்கம்பியை மட்டும் மாற்றலாம். உறையும் துருவேறியிருந்தால் முழுக் கேபிளையும் மாற்றுவதே முறை. புதியது பழையதன் நீளத்துக்கு ஒத்திருக்க வேண்டும், கூர்மையான வளைவின்றிச் செல்ல வேண்டும், குமிழை முழுதும் உள்ளே தள்ளிய நிலையில் தகடு முற்றிலும் திறந்து கம்பியில் சிறிது தளர்ச்சி எஞ்ச வேண்டும். இவற்றோடு, என்ன மாற்றப்பட்டது, எப்போது, ஏன் என்பதை எழுதிவைப்பதும் பணியின் பகுதியே. பத்மநாபசுவாமி கோயிலின் செயல்களை மதிலகம் ஓலைகள் பதிந்து வைத்திருப்பதால்தான் இன்று அதன் வரலாற்றைப் பேச முடிகிறது. பழைய கார் வைத்திருப்போர் அப்படியொரு குறிப்பேட்டை இன்றே தொடங்கி, கழற்றிய கேபிளையும் ஒரு சீட்டு கட்டி அதனோடு சேர்த்து வைக்க வேண்டும்.