மூளை நோயுற்றார்க்குப் பணிவிடையும் ஆன்ம விசாரமும்

எம்முடன் இளமையிற் பாடங்கேட்ட அன்பரொருவர் குளியலறையில் வழுக்கி வீழ்ந்தார். சில வாரங்கழித்து நடை தளர்ந்தது, பேச்சுக் குழறிற்று. மண்டையோட்டின் உட்புறத்தே மூளையின்மேற் குருதி மெல்லத் தேங்கியிருத்தலைக் கண்ட மருத்துவர், ஓட்டில் துளையிட்டு அதனை வடித்தனர். உயிர் பிழைத்தார். ஆயின், எவரையும் கடிந்தொரு சொல் சொல்லியறியாத அவர், இல்லந் திரும்பியபின் மனைவியாரையும் மகனாரையும் கேட்டற்கரிய சொற்களால் வைதனர். மகனார் எம்மிடம் வந்து, "ஐயா, இத்தனை நாளும் எந்தையார் உள்ளத்தே மறைந்திருந்ததோ இது? அன்றி இவர் வேறொருவரோ? யாருக்கு யான் பணி செய்கின்றேன்?" என்று வினவினார்.

பிராரத்தத்தை அவரவரே நுகர்தல் வேண்டுமாகலின் பணிவிடை வேண்டாவென்பாருமுளர். பசியும் வினைப்பயனே, அதற்காகத் தாம் சோறு உண்ணாது விடுகின்றாரில்லை. அவர்க்கு இவ்வளவு விடை போதும்.

மகனார் வினா அத்தகையதன்று. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்தில், ஆன்மா அந்தக்கரணங்களுள் ஒன்றன்றென்றும், அமைச்சரோடு கூடிய அரசன் போல அவற்றொடு கூடி நிற்குமென்றும் விளக்கினார். அமைச்சர் பிழைபடின் ஆணையும் பிழைபடும், அரசன் வேறாயினானல்லன். இதனைச் சொல்லி யாம் அமைந்திருக்கலாம். ஆயின் உலகாயதர், "அறிவு கெட்டதேயன்றிக் குணமும் திரிந்ததே, குணமும் மூளையின் வழிப்பட்டதாயின் எஞ்சுவது யாது?" என்பர். இஃது எம்மைச் சில நாள் உறங்கவிடாத தடை.

விடை நம் நூலினுள்ளேயே கிடக்கின்றது. முக்குணங்களும் பிரகிருதியின் கூறு. புத்தியும் ஆண்டுத் தோன்றியதே. ஆகவே அன்பரது பண்டைச் சாந்தமும் கருவி வாயிலாய் விளங்கியதே. வைதல் அவர் மறைத்துவைத்த உண்மையுமன்று. சாந்தம் அவர் பூண்ட வேடமுமன்று. இவ்விடத்து, சாந்தரென்று எம்மையே யாம் மெச்சிக்கொண்ட நாட்களை நினைந்து நாணினோம்.

அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பார்க்கு வலிப்பு நோய் தீர்தற்பொருட்டு 1953-இல், அவர்தம் 27-ஆம் வயதில், மூளையின் இருபுறத்தும் உட்பகுதி சிறிது களையப்பட்டது. அதன்பின் புதுவதொன்றும் அவர் நினைவில் தங்கவில்லை. 2008-இல் இறக்குமளவும் அந்நிலையே. ஆயினும் கண்ணாடியிற் பார்த்து உருவெழுதும் பயிற்சியில், முன்னாள் செய்ததை அறியாதவராகவே, நாடோறும் அவர் கை தேர்ந்தது. இதுகொண்டு ஆன்மாவை நிறுவப் புகேம். அது மூளையின் மற்றொரு பகுதியின் தொழிலென்று உலகாயதர் கூறுவர், அது மெய்யுமாம். கருவிகள் பல, ஒன்று கெட மற்றொன்று நிற்குமென்பதே யாம் கொள்வது.

எனின், அவ்வசைச் சொற்கள் ஆகாமியமாய் அன்பர்பால் ஏறுமோ? ஏறாவென்பதே எம் துணிபு. ஆண்டு அவர்தம் கருத்து நின்று ஏவியதில்லை. மாறுபடுவார் காரணங்காட்டி எழுதுக. ஏறுவதெல்லாம் அவை கேட்டுக் கைவிடுவார்பாலேயாம். பணிகொள்வார் அறியாமையால் பணி குறைவுபடாது. துயில்கின்ற மகவைத் தாய் போர்த்துதல் மகவு அறிதற்கன்று.

மகனார்க்கு மருத்துவர் உரைத்தன சில. தலைப்புறத்தைச் சற்றே உயர்த்திக் கிடத்துக. தாமே புரள இயலாத நாளில் இரண்டு மணிக்கொருமுறை புரட்டுக, இன்றேற் படுக்கைப்புண் உண்டாம். விழுங்கும் ஆற்றலைத் தேர்ந்தறியுமுன் கஞ்சியும் வாயிற் புகட்டற்க, மூச்சுக்குழலில் இறங்கும். ஆரவாரமும் கூட்டமும் வேண்டா. இன்ன நாள், இன்ன இடம், யான் உம் மகன் என்று மெல்லச் சொல்லுக, வாதம் செய்யற்க. தலைவலி மிகினும், உறக்கம் மிகினும், குழறல் மீளினும் காலந்தாழாது கொணர்க. குருதி மீண்டுந் தேங்குதல் உண்டு.

மகனார் திரும்பிச் சென்று அவ்வாறே செய்தார். நான்கு திங்களில் அன்பர் பெரிதுந் தேறினார். தாம் வைதவற்றுள் ஒன்றும் அவர் நினைவில் இல்லை. மகனாரும் அதனை இன்றுவரை அவர்க்குச் சொல்லவில்லை.