துருவும் பூச்சும்

கடலோர ஊர்களில் மீன் ஏற்றும் பழைய பிக்கப் வண்டியின் கதவை உப்புக்காற்றும் ஈரமும் அரிக்கின்றன. கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்கும் மழைநீர், கதவின் அடிவிளிம்பிலுள்ள துளைகள் வழியே வடிய வேண்டும். அவை மண்ணால் அடைபட்டால் நீர் தேங்கி, தகடு உள்ளிருந்தே துருவேறும்.

துருவின்மேல் பட்டி வைத்து வண்ணம் பூசினால் செலவு குறைவு. ஏழையின் சிக்கனத்தை யார் குறைகூற இயலும்? எனினும், துரு அடியில் வளர்கிறது. வண்டி கைமாறும்போது, மிச்சப்படுத்திய செலவு அதை அறியாத ஒருவரின் தலையில் விழுகிறது. அறக்கேள்வி எழுவது இங்கேதான்.

குறைந்த செலவிலும் நேரிய வழி உண்டு. துருவேறிய பகுதியை வெட்டியெடுத்து, புதுத்தகடு பற்றவைத்து, பிரைமர் பூசி, துளைகளைத் திறந்துவிடலாம். பழைய இரும்புக் கடையில் நல்ல கதவொன்றும் தேடலாம். ஒட்டு கண்ணுக்குத் தெரியட்டுமே! வறுமையின் ஒட்டு இழிவன்று. பிறர் அறியாமல் அவர்மீது சுமத்தும் கடனே இழிவு.